வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஊர்விட்டு ஊர் வந்து விடுதியிலோ பிஜியிலோ தங்கிப் படிப்பவர்களையும், அவர்களை அனுப்பிவிட்டுக் கவலையோடு இருக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதியது இது. ராகிங், பண மோசடி, பின்தொடர்தல் என்று பிரச்சினைகள் வேறு வேறாக இருந்தாலும் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். "வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்ற பயத்தில், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மிரட்டுகிறவருக்கும் இந்தப் பயம் நன்றாகத் தெரியும். அதனால்தான் கீழே உள்ள பதில்களில் பாதி, யாரிடம் எப்போது எப்படிச் சொல்வது என்பதைப் பற்றியே இருக்கின்றன.

பிஜி பார்க்கப் போகிறோம். வாடகை, சாப்பாடு தவிர என்ன கேட்க வேண்டும்?

பெண்கள் விடுதி என்றால் முதல் கேள்வி பதிவைப் பற்றியது. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் மகளிர் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்ற பதில் உரிமம் ஆகாது. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. முகம் சுளிக்கிற உரிமையாளர், நாளைக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டாலும் அப்படித்தான் சுளிப்பார்.

அடுத்தது இரவுப் பூட்டு. பல விடுதிகளில் ஒன்பதரை, பத்து மணிக்கு வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சாவி யாரிடம், அவர் எந்த மாடியில் தூங்குகிறார், மொட்டை மாடிக் கதவு திறந்திருக்குமா, இரண்டாவது படிக்கட்டு உண்டா என்று கேளுங்கள். ஜன்னலுக்கெல்லாம் கம்பி, கீழே ஒரே கதவு, அதற்கும் பூட்டு என்றால் தீப்பிடிக்கும் நேரத்தில் வெளியேற வழியே இருக்காது. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துப் பரவிய தீயில் இரண்டு பேர் இறந்தார்கள்.

ஆவணங்கள்: அசல் சான்றிதழ்களை விடுதியில் கொடுக்கவே கூடாது. கல்லூரியும் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது. ஆதார் கேட்டால் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட பிரதியை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே "இன்ன விடுதியில் தங்குவதற்காக மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அட்வான்ஸை யுபிஐயில் அனுப்பினாலும் ரசீது வாங்குங்கள்.

அறையில் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

விடுதி அனுமதித்தால் வைத்துக்கொள்ளலாம். எதில் செருகுகிறீர்கள் என்பதுதான் விஷயம். அறையில் இருக்கும் சாதாரண சாக்கெட்டும் கடையில் வாங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் பெரும்பாலும் 6 ஆம்பியர் தாங்குபவை. 230 வோல்ட்டில் அது சுமார் 1,380 வாட். 1,500 வாட் கெட்டில் ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். முதல் நாளே ஒன்றும் ஆகாது. பிளக்கைத் தொட்டால் சூடு, பிறகு சாக்கெட்டின் ஓரம் பழுப்பாவது, பிறகு ஒருநாள் கருகல் நாற்றம் என்ற வரிசையில்தான் வரும். பழுப்பைப் பார்த்த அன்றே அந்தச் சாக்கெட்டை விட்டுவிடுங்கள். இவற்றைப் பெரிய பின் கொண்ட 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் நேரடியாகச் செருக வேண்டும்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடு இன்னும் ஆபத்தானது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். ஸ்விட்ச் நியூட்ரல் பக்கம் இணைக்கப்பட்டிருந்தால் அணைத்த பிறகும் ராடில் மின்சாரம் இருக்கும். பழைய வீடுகளில் இப்படி மாற்றி இணைத்திருப்பது அபூர்வமில்லை. மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரை எட்டினாலே இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி அது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய அலங்காரப் பொருள்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தால் வேறு அறை பாருங்கள். மூடிய குளியலறையில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. தலைவலி, தலைசுற்றல் என்று தோன்றி, கதவைத் திறக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார். வேறு வழியே இல்லையென்றால் கதவைத் திறந்து வைத்து வாளியை நிரப்பி, கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள்.

ரகசிய கேமரா இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் கேமராக்கள் பிடிபட்டன. தங்கியிருந்த பெண் ஹேர் டிரையரைச் செருகப் பார்த்தபோது பிளக் உள்ளே போகவில்லை. சாக்கெட்டுக்குள் கேமரா இருந்தது. பொதுவாக அது இருக்கக்கூடிய இடம், மின்சாரம் கிடைக்கும் இடம், கட்டிலையோ குளியலறையையோ நேராகப் பார்க்கும் இடம்: சாக்கெட், புகை உணரி, எக்ஸாஸ்ட் ஃபேன், சுவர்க் கடிகாரம், தேவையில்லாத இடத்தில் செருகியிருக்கும் சார்ஜர். விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மெல்லச் சுற்றி அடியுங்கள். லென்ஸ் இருந்தால் சிறு புள்ளியாகத் திரும்பி மின்னும். விரலைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கும் சோதனை, கேமரா கண்டுபிடிக்கும் செயலிகள் ஆகியவற்றை நம்ப வேண்டாம். மெமரி கார்டில் பதிவு செய்யும் கேமரா எந்த வைஃபை பட்டியலிலும் தெரியாது.

கண்டுபிடித்தால் பிடுங்காதீர்கள். கைரேகையும் கார்டும் தடயங்கள். இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து, துணியால் மூடிவிட்டு, உரிமையாளரிடம் சொல்வதற்கு முன்பே 100 அல்லது 112-ஐ அழையுங்கள்.

சீனியர்கள் ரெக்கார்டு எழுதச் சொல்கிறார்கள், இரவில் வாட்ஸ்அப் குழுவில் உத்தரவு போடுகிறார்கள். இதெல்லாம் ராகிங்கா?

ஆம். அடிப்பது மட்டும் ராகிங் அல்ல. சீனியரின் எழுத்து வேலையை ஜூனியர் தலையில் கட்டுவது, பணம் வசூலிப்பது, ஆடைக்கு விதி போடுவது எல்லாம் யுஜிசியின் 2009 ஒழுங்குமுறையில் ராகிங்தான். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்துத் தமிழ்நாடு 1997-இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம். புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவரும் உடந்தையாகக் கருதப்படுவார் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. "காலேஜ் பேர் கெட்டுடும், உள்ளுக்குள்ளேயே பேசிக்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்த வரியை மரியாதையாக நினைவூட்டலாம்.

புகாருக்கு 1800-180-5522, நாள் முழுவதும் இயங்கும் இலவச எண். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. அறைத்தோழரோ பெற்றோரோ அழைக்கலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது, எந்த அறை, யார் யார், என்ன சொன்னார்கள் என்று அன்றிரவே எழுதி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் தானாக மறையும் 'டிஸப்பியரிங்' போட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட் உடனே எடுங்கள். இன்னொரு போனால் படம் எடுத்தால் இன்னும் நல்லது. யார் செய்தார்கள் என்று அடையாளம் தெரியாவிட்டால் அந்தக் கூட்டத்துக்கே தண்டனை கொடுக்க யுஜிசி விதியில் இடமிருக்கிறது. ஒரு பெயரும் தெரியாதே என்று தயங்க வேண்டாம்.

"உன் பேங்க் அக்கவுண்டைக் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்" என்று சீனியர் கேட்கிறார். சும்மா கிடக்கும் கணக்குதானே?

மாணவர்களுக்கு இன்று வரும் மோசடிகளில் இதைத்தான் நாங்கள் முதலிடத்தில் வைப்போம். இதில் நீங்கள் பணத்தை இழப்பதில்லை, குற்றவாளியாகிறீர்கள். நடக்கும் விதம் இது: கணக்கு எண், ஏடிஎம் கார்டு, அதோடு இணைந்த சிம் மூன்றையும் வாங்கிக்கொள்வார்கள். வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்குக்கு வந்து, சில நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரிந்து போகும். ஏமாந்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-இல் புகார் செய்ததும் பணம் போன தடத்தைப் பிடித்து வரும் காவல்துறைக்கு முதலில் கிடைப்பது உங்கள் பெயர். கணக்கு முடக்கப்படும், வெளிமாநிலக் காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வரும். சீனியர் அப்போது போனை எடுக்கமாட்டார்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றே வங்கிக் கிளைக்குப் போய்க் கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்குங்கள். சிம்மைத் தடை செய்யுங்கள். கேட்டவருடன் நடந்த உரையாடலை அழிக்காதீர்கள்; நீங்கள் ஏமாற்றப்பட்டதற்கு அதுதான் சான்று. நோட்டீஸ் வந்தால் ஒளியாமல் வழக்கறிஞரோடு பதில் கொடுங்கள். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச உதவி உண்டு.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே "என்னுடையது இல்லை" என்று பதியலாம். முகம் தெரியாத ஒருவர் தவறுதலாகப் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி வேறொரு எண்ணுக்குத் திருப்பிக் கேட்டால் அனுப்பாதீர்கள்; வங்கி மூலம் போகட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

யுபிஐயில் பணம் போய்விட்டது. என்ன செய்வது?

1930. உடனே. நண்பரிடம் யோசனை கேட்பது, கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடுவது எல்லாம் அப்புறம் (அப்படித் தேடிக் கிடைக்கும் எண்ணே சில சமயம் இன்னொரு மோசடிக்காரருடையது). பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்தினால்தான் மீட்க வாய்ப்பு. கையில் இருக்க வேண்டியவை: பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கியின் பெயர். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிந்து, வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டாலே பணம் போகிறது என்று பொருள். ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்று டெலிகிராமில் வரும் வேலையில் முதலில் 150, 200 ரூபாய் நிஜமாகவே வரும், அதுதான் தூண்டில். "டிஜிட்டல் கைது" என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. வீடியோ காலில் காக்கிச் சட்டை தெரிந்தால் துண்டித்துவிடுங்கள்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள். பணம் கொடுத்தால் முடிந்துவிடுமா?

முடியாது. கொடுப்பவர் என்று தெரிந்ததும் தொகை கூடும். பதில் பேசுவதை நிறுத்துங்கள். பிளாக் செய்வதற்கு முன் அந்தக் கணக்கின் பெயர், முகவரி இணைப்பு, போன் எண், பணம் கேட்ட செய்தி ஆகியவற்றைத் திரைப்பதிவாக எடுத்து வையுங்கள். உங்கள் கணக்கை அழிக்க வேண்டாம், தற்காலிகமாக மூடினால் போதும். அழித்தால் சான்றும் போய்விடும். சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். 18 வயது நிறைந்தவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது; அதன் எண்வடிவக் குறியீட்டை மட்டும் எடுத்து, உறுப்பினராக உள்ள சமூக வலைத்தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவுவார்கள். முதலாண்டில் பலருக்கு 17 வயதுதான். அப்போது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமே பொருந்தும், மிரட்டுகிறவர் வகுப்புத் தோழராக இருந்தாலும்.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை இதைச் சொல்லும்போது முதல் வாக்கியம் "கிளம்பி வீட்டுக்கு வா" என்று இருக்கக் கூடாது. அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள். "பணம் ஏதும் கொடுத்தியா, ஸ்கிரீன்ஷாட் இருக்கா" என்று கேளுங்கள். திட்டுவதெல்லாம் புகார் பதிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேண்டாம் என்று சொல்லியும் பின்னாலேயே வருகிறான்.

ஒரே ஒரு முறை, எழுத்தில், தெளிவாக: "எனக்கு விருப்பமில்லை. இனி தொடர்பு கொள்ள வேண்டாம்." காரணமோ ஸாரியோ சேர்க்காதீர்கள். அதன்பிறகு எதற்கும் பதில் போடாதீர்கள். முப்பது அழைப்புக்குப் பிறகு ஒன்றை எடுத்தால், முப்பது முறை அழைத்தால் எடுப்பாள் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்று குறித்து வாருங்கள். வார்டன், வகுப்பு ஆசிரியர், கூடப் போகும் இரண்டு தோழிகள் எல்லோருக்கும் அவன் முகம் தெரிந்திருக்கட்டும். "கடைசியா ஒரு தடவை நேர்ல பேசணும்" என்ற அழைப்புக்கு மட்டும் போகவே போகாதீர்கள், நண்பர்கள் சமாதானம் பேசி அழைத்தாலும்.

2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர், பின்தொடர்ந்து வந்தவனால் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். அவனுக்கு 2024 டிசம்பரில் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மிரட்டல் இருக்கும் நாட்களில் நடைமேடையில் சுவரையோ தூணையோ ஒட்டி நில்லுங்கள். வண்டி நின்ற பிறகு முன்னே போனால் போதும். பின்தொடர்தல் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் குற்றம். பெண்கள் உதவிக்கு 181.

வளாகத்தில் பாலியல் தொல்லை என்றால் கல்லூரிக் குழுவா, காவல்துறையா?

இரண்டுக்கும் போகலாம், ஒன்றுக்குப் போனால் மற்றது அடைபடாது. உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். யுஜிசி விதிப்படி ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் புகார் செய்யலாம்.

தாக்குதல் நடந்திருந்தால் குளிக்காமல், உடையைத் துவைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உடையைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் தடயம் கெடும். காகிதப் பையில் வையுங்கள். முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, கடமைப்பட்டது. எஃப்ஐஆர் கொண்டு வா என்று திருப்பி அனுப்புவது குற்றம். கருத்தடை மாத்திரை, எச்ஐவி தடுப்பு மருந்து இரண்டுக்கும் கெடு 72 மணி நேரம். முன்னதாகத் தொடங்கத் தொடங்கப் பலன் அதிகம்.

எந்தக் காவல் நிலையமும் "எங்க எல்லை இல்லை" என்று அனுப்பக் கூடாது; ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். கையில் கொடுக்கும் சீட்டு சிஎஸ்ஆர் ரசீதா எஃப்ஐஆர் நகலா என்று பார்த்து வாங்குங்கள். சிஎஸ்ஆர் மனு பெற்றதற்கான ரசீது, அவ்வளவுதான்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நடந்த பாலியல் குற்றத்திலும் குற்றவாளி கையில் எடுத்த ஆயுதம், படம் எடுத்துவிட்டேன், நிர்வாகத்திடம் காட்டுவேன் என்ற மிரட்டல். மாணவி மறுநாளே புகார் செய்தார். 2025 ஜூனில் அவனுக்கு, குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. எஃப்ஐஆர் வெளியே கசிந்ததற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம்; வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "யாருன்னு தெரியுமா" என்று பெயர் போடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

நண்பனின் பையை என் அறையில் வைக்கச் சொல்கிறான்.

உள்ளே என்ன என்று திறந்து காட்டினால் வையுங்கள். கஞ்சா யாருடைய அறையில், யாருடைய வண்டி டிக்கியில் கிடைக்கிறதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பழக்கத்தில் விழுந்த நண்பர் தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சேர்ந்தால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்க போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்தின் 64-ஏ பிரிவில் வழி உண்டு. இதைப் பலர் அறியாமல் ஒளித்து வைக்கிறார்கள்.

அறைத்தோழி ரொம்ப நாளாகச் சரியில்லை. செத்துப்போகலாம் போலிருக்கு என்கிறாள்.

நேரடியாகக் கேளுங்கள்: "தற்கொலை எண்ணம் வருதா?" கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. வருகிறது என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளை அறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 14416 டெலிமானஸ் மனநல உதவி எண், 104 தமிழ்நாடு சுகாதார உதவி எண், இரண்டிலும் தமிழில் பேசலாம். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவள் வாங்கிய சத்தியத்தை இந்த ஒரு விஷயத்தில் காப்பாற்ற வேண்டாம்.

பைக், பஸ் பற்றி?

முதலாண்டு மாணவருக்கு 18 ஆகவில்லையென்றால் நண்பனின் பைக்கைத் தொட வேண்டாம். பிடிபட்டால் வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஹெல்மெட்டில் ஐஎஸ் 4151 முத்திரை இருக்க வேண்டும், தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் அடிபடும் முன்பே அது பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. படிக்கட்டில் தொங்குவதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

விபத்து நடந்தால் 108. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம், காப்பீட்டு அட்டை கேட்கமாட்டார்கள். தூக்கிக்கொண்டு வந்தவரைப் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

பரீட்சை முடிந்து கடலுக்கோ ஆற்றுக்கோ போகிறோம்.

சென்னைக் கடலில் நீச்சல் தெரிந்தவரும் மூழ்குகிறார். கரைக்கு வந்த அலைநீர் குறுகிய பாதையில் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். சுற்றிலும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால் அதுதான் அந்தப் பாதை. இறங்கத் தோதான இடம் போலவே தோன்றும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்த பிறகு திரும்புங்கள். ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கும். ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். துப்பட்டா, வேட்டி, பைக் டியூப், மூடிய காலி தண்ணீர் கேன், எது கிடைத்தாலும் எறியுங்கள். எட்டிக் கை கொடுப்பதானால் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இன்னொருவர் உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள்.